மாமாவின் பஸ்ஸில் கடைசி இருக்கை

ஜெர்மனியில் நாங்கள் வாழும் நகரத்தில் மாமாவின் முகத்துக்குப் பின்னால் காத்து நிற்காத கார்க்காரர் இல்லை. பஸ்களின் பின்புறத்தில் ஆளுயரப் படமாக, சாரதிச் சீருடையில், கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். சாரதிகள் தேவை, வாருங்கள், நான் பழக்குகிறேன் என்பது விளம்பரத்தின் சாரம். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் என் பிள்ளைகளிடம் "அது என் மாமா" என்கிறேன். அவர்களுக்கு அலுத்துவிட்டது, எனக்கு இல்லை. என் முகத்தை இதுவரை எந்த நிறுவனமும் எதன் பின்புறத்திலும் ஒட்டக் கேட்டதில்லை. ஆகவே குடும்பப் பெருமையை இரவல் வாங்கித்தான் அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

மாமாவை ஆளாக்கியது யார் என்பதில் எங்கள் வீட்டில் பல கட்சிகள் உண்டு. ஊன்ட்றொப் கோயில் அம்பாளுக்குத் தான் வைத்த நேர்த்தி என்பது அம்மாவின் கட்சி. தன்னுடைய ஆலோசனை என்பார் அப்பா. என்ன ஆலோசனை என்பது யாருக்கும் நினைவில்லை, அவருக்கும்தான். மாமா மட்டும், யார் எப்போது கேட்டாலும், "மோனிகா அக்கா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார்.

அப்போது எனக்குப் பத்து வயது. மார்க் போய் யூரோ வந்து, பெரியவர்கள் கூடும் இடமெல்லாம் விலைவாசி அழுகையாக இருந்த காலம். மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியதிலிருந்து அவர் எதையாவது கழுவிக்கொண்டேதான் இருந்தார். முதலில் கோப்பை, பிறகு ஜன்னல், இப்போது பஸ். கழுவுகிற பொருள் பெருத்துக்கொண்டு போகிறதே, இதுவும் ஒரு முன்னேற்றம்தான் என்பார் அப்பா. ஒருவேளை அதுதான் அந்த ஆலோசனையோ என்னவோ.

மோனிகா அந்த டிப்போவில் பஸ் ஓட்டியவர். அவர் பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஓர் இரவுச் சாப்பாட்டின்போது.

"'ஒவ்வொரு நாளும் இந்தச் சாரதிச் சீற்றைத் துடைக்கிறாய், ஒரு நாளாவது அதில இருந்து பார்த்தியோ?' எண்டு கேட்டா," என்றார் மாமா. "இல்லையெண்டன். 'இரு' எண்டா. இருந்தன். 'எப்பிடி இருக்கு?' எண்டா. உயரமா இருக்கெண்டன்."

"ஆர் அவ?" என்றார் அம்மா.

"பஸ் ஓடுறவ. மோனிகா அக்கா."

"வெள்ளைக்காரியோ?"

"இல்லை. கறுப்பு."

"ஆப்பிரிக்காவோ?"

"இந்த ஊர்தான். நானும் முதல் நாள் அப்பிடிக் கேட்டுத்தான் வாங்கிக் கட்டினன்."

அவருடைய அம்மா எங்கள் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். அப்பா, இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்கப் படையோடு வந்து, படையோடு திரும்பிப்போன ஒரு கறுப்புச் சிப்பாய். மோனிகா ஆப்பிரிக்காவையும் பார்த்ததில்லை, அமெரிக்காவையும் பார்த்ததில்லை. விடுமுறைக்கு வடகடல் கரைக்குப் போய், மழையில் நனைந்து, மற்ற எல்லா டொச்சுக்காரரையும் போலக் காலநிலையைத் திட்டிக்கொண்டு திரும்புகிறவர்.

அன்று தொடக்கம் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெயர் ஊறுகாயைப் போல நாள் தவறாமல் வந்தது. மோனிகா அக்கா சாரதிப் பரீட்சைக்குப் போகச் சொன்னார். மாமா சறுக்கியபோது, கண்ணீர் காய முன்பே அடுத்த திகதி கேட்கச் சொன்னார். ஒரு நாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கூடப் பிறந்த அக்கா நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்க, உனக்கு இன்னொரு அக்கா என்னத்துக்கு?"

"நீங்கள் 'கவனம் தம்பி, விழுந்திடாத' எண்டு சொல்லுவியள். அவ 'ஏறு' எண்டு சொல்லுவா."

அம்மா அன்று மாமாவுக்கு இரண்டாம் முறை சோறு போடவில்லை.

இரண்டாம் முறையில் மாமா பரீட்சையில் தேறினார். எங்கள் நகரத்தில் பஸ் ஓட்டப்போகும் முதல் தமிழர் என்று தொலைபேசிகள் அலறின. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. புதிய சாரதிகளுக்குப் பழைய பஸ்களைத்தான் கொடுப்பார்கள். அவற்றில் தரிப்பிடங்களின் பெயரைச் சாரதியே மைக்கில் சொல்ல வேண்டும். மாமாவுக்கு எவ்வளவு பெரிய வாகனத்தையும் எவ்வளவு ஒடுங்கிய சந்துக்குள்ளும் விட முடியும். நாலு பேர் முன்னால் டொச் மொழியில் வாய் திறக்கத்தான் ஏலாது. பேக்கரிக்குக்கூட என்னைத்தான் மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப்போவார். அவருக்கு அது சோதனைக் காலம் வேறு. ஒழுங்காக ஓட்டாவிட்டால் திரும்பவும் தண்ணீர்க் குழாயும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

முதன்முதலாகத் தனியாக ஓட்டிய ஞாயிற்றுக்கிழமை, பஸ் புறப்படும் இடத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு போய் இறங்கினோம். அப்பாவின் கையில் வீடியோ கமெரா. அம்மாவின் கையில் தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம். வாகனம் முதன்முதலாக ஓடும்போது சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிப்பதும், தேங்காய் உடைப்பதும் எங்கள் சம்பிரதாயம். அந்த வாகனம் நகரசபைக்குச் சொந்தமானது என்பதையும், உள்ளே ஏற்கனவே பயணிகள் இருக்கிறார்கள் என்பதையும் அம்மா ஒரு தடையாகக் கருதவில்லை.

மாமா ஜன்னலால் தலையை நீட்டினார். "அக்கா, உங்களைக் கும்பிடுறன், வேண்டாம். இது என்ர கார் இல்லை!"

"ஆரின்ரையாயிருந்தால் என்ன, ஓடுறது நீதானே?"

பழம் வைக்கும் பொறுப்பு என்னுடையது. முன்சில்லுகளுக்குக் கீழே பக்குவமாக வைத்தேன். கற்பூரம் எரிந்தது. உள்ளே இருந்த ஒரு முதிய பெண்மணி பஸ் தீப்பிடித்துவிட்டதாக அறிவித்தார். அம்மா தேங்காயை ஓங்கித் தெருவில் அடித்தார். அது நேர்த்தியாகச் சிதறியது, அப்பாவின் கமெராவில் இன்றைக்கும் சிதறிக்கொண்டிருக்கிறது.

தொப்பி போட்ட ஒருவர் இறங்கினார். சாமியைக் கூப்பிட்டுத்தான் இவன் ஓட்டுவானென்றால் நான் நடந்தே போகிறேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டு மாமாவின் நிறத்தைப் பற்றியும் ஏதோ சேர்த்துக்கொண்டார். தீயைக் கண்ட பெண்மணியும் மற்றவர்களும் அவர் பின்னாலேயே இறங்கினார்கள். பஸ் காலியாகிவிட்டது.

மாமா இருக்கையைவிட்டு எழும்பினார். "என்னால ஏலாது, அக்கா," என்றார்.

இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் என் அம்மா. மற்றவர், தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே அதுவரை ஒதுங்கி நின்ற உயரமான ஒரு பெண். வேலையில்லாத நாள் என்பதால் மஞ்சள் மழைக்கோட்டு. நரைத்த சுருட்டை முடி. மோனிகாவை நான் கண்டது அதுதான் முதல் தடவை.

நாலு நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாமாவைப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து, சில்லுக்கு முன்னால் கிடந்த சிரட்டைத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் பொறுக்கினேன். எலுமிச்சம்பழத்தைக் காட்டி, இதையும் எடுக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். இல்லை, அதன் மேல் ஏறித்தான் போக வேண்டும் என்றேன். வீதிச் சட்டம் ஒன்றைக் கேட்டுக்கொள்வதைப் போலத் தலையசைத்தார். பிறகு பஸ்ஸில் ஏறி, பயணச்சீட்டைச் சாரதியிடம் காட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "புறப்படும் நேரம்" என்று டொச்சில் சொல்லிவிட்டுக் கடைசி இருக்கையில் போய் இருந்தார்.

அவ்வளவுதான். ஒரு பயணி ஏறிவிட்டார். மாமா ஒரு கணம் நின்றார். பிறகு சாரதிச் சீற்றில் இருந்தார்.

அம்மா என்னை முதுகில் தள்ளி ஏற்றினார். "போ, மாமாவோட போ." பெரியவர்கள் யாரும் ஏறவில்லை. மாமாவின் முதல் பயணத்தை அவர்கள் காரில் பின்தொடர்ந்து வீடியோ எடுப்பதாகத்தான் ஏற்பாடு. பெருமைப்பட வந்த கூட்டம் முழுவதும் வெளியே நிற்க, எலுமிச்சம்பழங்கள் நசிந்தன, பஸ் நகர்ந்தது.

நான் கடைசி இருக்கைக்குப் போய் மோனிகாவின் பக்கத்தில் இருந்தேன். முதல் தரிப்பிடத்தில் யாரும் காத்திருக்கவில்லை. மாமா நிறுத்தாமல் போயிருப்பார். இறங்குபவர்கள் அழுத்தும் சிவப்புப் பொத்தானை மோனிகா அழுத்தினார். மணி அடித்தது. மாமா மைக்கில் ஏதோ சொன்னார்; பூட்டிய அறைக்குள் இருந்து யாரோ இருமியதைப் போலக் கேட்டது. பஸ் நின்று கதவு திறந்தது. மோனிகா இறங்கவில்லை. கதவு மூடியது.

அடுத்த தரிப்பிடத்துக்கு முன்னால் மீண்டும் அழுத்தினார். மீண்டும் இறங்கவில்லை. அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்று என்னை அம்மா எத்தனை முறை அடித்திருப்பார்! ஒரு பெரிய மனுசி இப்படிச் செய்யலாமா? பின்னால் எங்கள் காரும் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் மஞ்சள் விளக்கு மின்ன நின்று நின்று வந்தது. அம்மா ஓட்ட, அப்பா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்போடு படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாலைந்து மணிகளுக்குப் பிறகு மாமாவின் குரல் இருமலாக இல்லை. சந்தைத் திடலில் ஒரு குடும்பம் ஏறியது. வைத்தியசாலையில் ஒரு தாதி ஏறி அவருக்குக் காலை வணக்கம் சொன்னார். மாமா மைக்கை நிறுத்த மறந்து பதில் வணக்கம் சொன்னதில் முழு பஸ்ஸும் சிரித்தது. மாமாவும் சிரித்தார். நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில் தரிப்பிடத்தின் பெயரை அவர் சொன்ன விதத்தைக் கேட்டால், தடாகத்தை அவரே கட்டியதாக நினைத்திருப்பீர்கள்.

மோனிகாவின் கதை எனக்குத் தெரிந்தது பல வருடங்களுக்குப் பிறகு, அவர் ஓய்வு பெற்ற நாளில். டிப்போ மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால், மைக்கில், கடதாசி இல்லாமல், டொச்சில் பேசியவர் மாமா. மோனிகா முதல் நாள் பஸ் ஓட்டியபோது, கறுப்புப் பெண் ஓட்டுகிறாளென்று பயணிகள் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்களாம். அவர் காலி பஸ்ஸை முழுத்தூரமும் ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நிறுத்தி, வெற்று இருக்கைகளுக்கு அதன் பெயரைச் சொல்லி, கதவைத் திறந்து, மூடி. அன்று கடைசி இருக்கையில் ஒரே ஒருவர் இருந்திருந்தால் போதும் என்று நினைத்தாராம். அம்மா முன்வரிசையில் இருந்து முதலாவதாகக் கைதட்டினார். அதற்கு அடுத்த வருடம்தான் மாமா சாரதிகளைப் பழக்கும் பொறுப்புக்கு வந்தார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதில் எதுவும் தெரியாது. கடைசித் தரிப்பிடம் வந்தது. மாமா அதன் பெயரைக் கணீரென்று சொன்னார். "எல்லாரும் இறங்குங்கள்" என்றார். எல்லாரும் இறங்கினார்கள், மோனிகாவையும் என்னையும் தவிர. இயந்திரம் நின்றது. மாமா எழும்பாமல் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோனிகா கையை நீட்டி மீண்டும் ஒரு முறை பொத்தானை அழுத்தினார். நின்றுவிட்ட பஸ்ஸில் மணி மட்டும் தனியாக அடித்தது. மாமா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

எனக்கு மோனிகாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வழியெல்லாம் அழுத்தியும் இறங்குமிடம் பிடிபடவில்லை போல. இது கடைசித் தரிப்பு, இங்கே அழுத்தத் தேவையில்லை, கதவு தானாகத் திறக்கும் என்று, அந்த நகரத்தில் இருபது வருடமாகப் பஸ் ஓட்டியவருக்கு நல்ல டொச்சில் ஆறுதலாக விளக்கினேன்.

அவர் முழுவதையும் கவனமாகக் கேட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கி, நன்றி சொன்னார்.