இலைதானே, மக்கிடும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருக் கோயில் அன்னதானத்துக்குப் போலிஸ்டைரின் பெட்டியை நிறுத்திவிட்டு வாழை இலையில் சோறு கட்டித் தந்தார்கள். பூமிக்கு நல்லது என்று எல்லோருக்கும் பெருமை. எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. பெட்டியைப் போடக் குப்பைத்தொட்டி தேடிப் போனவர்கள், இப்போது இலையை அப்படியே சாக்கடையில் எறிந்துவிட்டுப் போனார்கள். வாசலுக்கும் சாக்கடைக்குமாக நடந்து கத்திப் பார்த்தேன்.

"இலைதானே அண்ணே, மக்கிடும் லா," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மாலையில் வழக்கமான மழை. அடைத்துக்கொண்ட சாக்கடை பொங்கி எங்கள் இரண்டு வீட்டுக்குள்ளும் புகுந்தது. முழங்கால் தண்ணீரில் மிதந்து வந்த இலை ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். இன்னும் பச்சையாகவே இருந்தது.

"மக்கட்டும் லா. அதுவரைக்கும் மழையைக் கொஞ்சம் வெயிட் பண்ணச் சொல்லுங்க," என்றேன்.