மாமியாரின் முழங்கால் வலி

கல்யாணமாகி வந்த முதல் புரட்டாசிச் சனிக்கிழமை, மாமியாரோடு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றின் மேல் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் போனேன். முழங்கால் வலி என்று அவர் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆஸ்துமா இருப்பதை மறைத்துத்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நாலு படி ஏறியதும் நெஞ்சு விசிலடித்தது. வேறு வழியில்லாமல், இடுப்பில் செருகியிருந்த இன்ஹேலரை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே இழுத்தேன்.

மூச்சு சீரானதும் மாமியார் என் கையைப் பிடித்தார். "எனக்கும் இழுப்புதான் தாயி. முழங்காலு நல்லாத்தான் இருக்கு. ஒன் டாக்டர்ட்ட என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

தினமும் இழுக்க ஒரு மருந்து, திணறினால் உடனே இழுக்க இன்னொன்று என்று டாக்டர் அவருக்கும் புரியவைத்தார்.

மறு புரட்டாசியில் மாமியார் உச்சியில் நின்று, "ஏட்டி, வெரசா வா! எம்புட்டு நேரம் நிக்க?" என்று கத்தினார். அவ்வளவு உரக்கக் கத்த அவருக்கு மூச்சு இருந்ததே என்று, படியிலேயே நின்று சிரித்தேன்.