கருவிழி இல்லாத நாலு நாள்

எங்கள் மாதா கோவிலில் நான் எப்போதும் இடது பக்கத்து இரண்டாவது தூணுக்குப் பின்னால்தான் உட்காருவேன். அங்கிருந்து பீடம் பாதி தெரியும். பீடத்துக்கு மேலே, சுவர் உச்சியில், முக்கோணத்துக்குள் வரைந்திருக்கும் ஆண்டவருடைய ஒற்றைக் கண் தெரியாது. அதற்காகத்தான் அந்த இடம்.

நான் பயந்த சுபாவம். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் வந்த காய்ச்சலோடு எட்டாம் வகுப்பில் படிப்பு நின்றது. பிறகு பெயிண்ட் வேலை. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று கோவில்பத்து வரை போன வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிற ஆள். ஆனால் கண்ணைப் பற்றிய பயம் வேறு. என் மனைவிக்கு முதல் பிள்ளை எட்டாம் மாதம் வயிற்றிலேயே இறந்தது. அதற்கு முந்தின ஞாயிறுதான் கண்ணுக்கு நேர் கீழே முழந்தாளிட்டு, “பிள்ளையக் கொஞ்சம் பாருங்க ஆண்டவரே” என்று கேட்டிருந்தேன். கேட்டதால் பார்த்துவிட்டார் என்று மனதில் விழுந்துவிட்டது. கடலை உண்டாக்கினவர் நேராகப் பார்த்தால் ஒரு கைப்பிடி உயிர் என்ன ஆகும்? அன்றைக்குப் போனதுதான் தூணுக்குப் பின்னால். இரண்டாவது பிள்ளையும் அதேபோல் எட்டாம் மாதம் போனது. அப்போதும் இன்னும் நன்றாக ஒளிந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

மூன்றாவது முறை அவள் எட்டாம் மாதத்தில் இருந்தபோது, திருவிழாவுக்கு முன் கோவிலுக்கு வண்ணம் அடிக்கும் வேலை எங்கள் மேஸ்திரிக்கு வந்தது. அவர் குரும்பகரத்துக்காரர், இந்து. கோபுரப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிப் பேர் வாங்கினவர். மழைநீர் கசிந்து கண் இருந்த இடம் உப்பியிருந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாக வரைய வேண்டும்.

“ஒங்க சாமி, மாப்ள. நீயே ஏறு” என்றார்.

சாரத்தில் ஏறி நின்றால் கண் என் முகத்துக்கு ஒரு முழம். கீழிருந்து உள்ளங்கை அளவு தெரிந்தது, அங்கே என் நெஞ்சின் அகலம் இருந்தது. கறுப்பைச் சுரண்டினேன். அடியில் நீலத்தில் இன்னொரு கருவிழி, கொஞ்சம் தள்ளி. அதையும் சுரண்டினால் பழுப்பில் இன்னொன்று, முந்தினதைவிடப் பெரியது. எந்தக் காலத்திலோ யாரோ வரைந்தவை என்று புத்திக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

பட்டி பூசிச் சுவரைச் சமமாக்கி, வெள்ளை அடித்து, இமையும் கதிர்களும் வரைந்து முடித்துக் கருவிழிக்குப் பிரஷ்ஷை எடுத்தபோது மேஸ்திரி கீழேயிருந்து கத்தினார்.

“அதத் தொடாத! கண்ணக் கடைசியாத்தான் தொறக்கணும்.”

“எங்கள்ள அப்படியெல்லாம் கெடையாதுங்க, மேஸ்திரி.”

“கெடையாதாம்! எந்த சாமியா இருந்தா என்ன, மொதப் பார்வ தாங்காது மாப்ள. நாங்க கண்ணாடி காட்டித்தான் தொறப்போம். எதிர்ல ஆளு நிக்க மாட்டான். வெள்ளிக்கிழம பாத்துக்கலாம்.”

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அப்படி நாலு நாள் கோவிலில் வெறும் வெள்ளைக் கண் இருந்தது. பூசை முடித்து வந்த பங்குச் சாமியார் அண்ணாந்து பார்த்து, “என்னப்பா, ஆண்டவருக்குப் புரை ஆபரேசனா?” என்று சிரித்தார்.

முதல் நாள் நிம்மதியாக இருந்தது. மறுநாள் காலை சாரத்தில் ஏறினால், கண்ணின் ஓரத்திலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு ஈரம் இறங்கியிருந்தது. மழை இல்லை. “செவுத்துக்குள்ள நின்ன தண்ணி, காஞ்சிரும்” என்றார் மேஸ்திரி. துடைத்தேன். அடுத்த நாளும் அதே இடத்தில், அதே அகலத்தில்.

அன்று மதியம் கதவுகளைச் சாத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். புறாக்கள்கூடச் சத்தம் போடவில்லை. பலகையில் தனியாக நின்றுகொண்டு, வழக்கம்போல் மனதுக்குள் ‘இப்ப இந்தப் பக்கம் பாக்காதீங்க’ என்று சொன்னேன். பார்க்க அங்கே யாரும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு நேரம் சாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள்.

“பெயிண்ட் அடிக்கலன்னா அவருக்குக் கண்ணு தெரியாதாங்க? நல்ல ஆளு!” பிறகு, “நீங்க தூணுக்குப் பின்னாடி ஒளியறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

“அவரு பாத்தாரு. ரெண்டும் போச்சு.”

வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“அந்தப் பிரசவ ரூம்ல நீங்க இல்ல, வெளில நின்னீங்க. ரெண்டு தடவையும் என்கூட ஒருத்தர் அழுதுக்கிட்டு இருந்தாரு. நர்ஸ் இல்ல. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. ஏன் எடுத்துக்கிட்டாருன்னு எனக்கும் புரியலங்க. ஆனா அது கெட்டவங்க அழுவுற அழுக இல்ல.”

சுவரில் இறங்கிய ஈரத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி துணியில் சுற்றி ஒரு கண்ணாடி கொண்டுவந்தார். கண்ணுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் பார்த்தே வரை என்றார். கொடுத்துவிட்டு அவர் வாசலுக்குப் போய்விட்டார். அப்படியே நின்றேன். இடது கையில் கண்ணாடி, வலது கை தோளுக்கு மேலே பிரஷ்ஷோடு. கண்ணாடி நிறைய என் முகம், அதற்குப் பின்னால் வெள்ளை. பிரஷ் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. இத்தனை வருடம் இப்படித்தானே நின்றிருக்கிறேன் என்று தோன்றியது.

கண்ணாடியைப் பலகையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினேன். அன்றைக்கும் ஈரம் இருந்தது. துடைக்கவில்லை.

“பாருங்க,” என்றேன், வாய்விட்டு. “அவளையும் பாருங்க. புள்ளையையும் பாருங்க. என்னையும்.”

கறுப்பு நிரம்பிக்கொண்டே வந்தது. ஏதோ ஒரு பிரஷ் இழுப்பில் அது பெயிண்டாக இருப்பது நின்றுபோய்ப் பார்க்க ஆரம்பித்தது. எந்த இழுப்பு என்று சொல்லத் தெரியவில்லை. விழும் என்று இத்தனை காலம் நான் எதிர்பார்த்திருந்த அடி விழவில்லை.

“மாப்ள, உசுரோட இருக்கியா?”

“இருக்கேங்க.”

மேஸ்திரி உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். “இடது பக்கம் சாஞ்சு போச்சே. திருத்திரலாமா?”

இறங்கி வந்து பார்த்தேன். நான் வரைந்த கருவிழி நேராக இடது பக்கத்து இரண்டாவது தூணைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வேணாங்க” என்றேன்.

திங்கட்கிழமை ஸ்கேன். அந்தப் பிள்ளை இப்போது வீடு முழுக்க ஓடுகிறாள். தூங்கும்போது மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று இன்றைக்கும் பார்க்கிறேன். சுபாவம் எங்கே போகும்? ஆனால் ஸ்கேனுக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதுவுமே தெரியாது. முதல் வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில், சில்லிட்ட கையை அவள் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, தலையைத் தூக்கிப் பார்த்தேன். கண் எங்களைப் பார்க்கவில்லை. தூணுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த என் பழைய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.