இந்திராணியின் காதும் காதர் வரவழைத்த பெட்டியும்

இந்திராணிக்கு எதையும் லேசில் நம்பும் பழக்கம் கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை போனவள், அணைத்தோமா என்று திரும்பி வந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். ஆனால் தன் காதைப் பற்றி மட்டும் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்தக் காதுதான் அவளுக்குச் சோறு போட்டது.

போர்ட் பிளேரில், ஜெட்டி என்று எல்லோரும் சொல்லும் ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்குப் பக்கத்தில் ‘சீ மைனா’ என்று ஒரு தனியார் படகுக் கம்பெனி. அதன் மாடியில் வயர்லெஸ் அறை. கடலில் போகும் கம்பெனிப் படகுகள் கூப்பிட்டால் பதில் சொல்வதும், அவர்கள் கேட்பதை ஏற்பாடு செய்வதும் இந்திராணியின் வேலை. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கும். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்ஜின் இரைச்சல், காற்று, கரகரப்பு எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு குரல் வரும். பேசுகிறவர் பெங்காலியோ தெலுங்கரோ, தீவு ஹிந்தியை ஆளுக்கொரு தினுசில் பேசுவார். அதிலிருந்து சொல்லைப் பொறுக்கி எடுக்க வேண்டும். பரமக்குடியிலிருந்து கொத்து வேலைக்கு வந்தவரின் மகள் இதில் அப்படித் தேறிவிட்டாள். படகுக்காரர்கள் அவளை ‘கன்ட்ரோல் தீதி’ என்பார்கள். கன்ட்ரோல் அக்கா என்று அர்த்தம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமையில்தான் இந்த மழைக்காலத்தில் மண் விழுந்தது.

ரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த படகு கூப்பிட்டது. வெளியே வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. குரல் வந்தது, வார்த்தை வரவில்லை. “மறுபடி சொல்லுங்க” என்றாள். மறுபடியும் கரகரப்புதான். பக்கத்து மேஜையில் இருந்த காத்தமுத்து, அவளோடு அதே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், நிதானமாகச் சொன்னார்: “அரை மணி நேரத்துல ஜெட்டிக்கு வந்துருவாங்களாம். தெளிவாத்தானே சொல்றான்? உங்களுக்குக் கேக்கலையா?”

படகும் அப்படியே அரை மணியில் வந்து சேர்ந்தது. காத்தமுத்து அதை அதோடு மறந்துவிட்டார். இந்திராணியால் மறக்க முடியவில்லை. டாக்டரிடம் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, கீச் கீச்சென்று சத்தம் விட்டுச் சோதித்துவிட்டு, “வயசுக்குத் தகுந்தபடி நல்லாத்தான் இருக்கு” என்றார் அவர். அந்த ‘வயசுக்குத் தகுந்தபடி’தான் அவளை அரித்தது. கடலில் தத்தளிக்கிறவன் நம் வயதைக் கேட்டுக்கொண்டா கூப்பிடப் போகிறான்?

இது போதாதென்று வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது.

அவள் கணவர் உதயசூரியன் எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர். தாராள மனசுக்காரர். யாராவது நல்ல பொருள் என்று சொல்லிவிட்டால், வாங்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பாட்டுப் பைத்தியம் வேறு. டாலிகஞ்சில் இருந்த அவர்கள் வீட்டு முன்னறையில் நெட் வழியாகப் பாட்டை வரவழைத்துப் பாடும் ஸ்ட்ரீமரும் ஆளுயர ஸ்பீக்கர்களும் முன்பே இருந்தன. இப்போது வந்தது அவற்றுக்குத் துணை. பஜாரில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் சிநேகிதர் காதர் சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்துக் கொடுத்தார். நெட் கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்விட்ச் பெட்டி ஒன்று, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் மாதிரித் தடித்த கேபிள் ஒன்று. இரண்டும் பாட்டுக்கென்றே செய்தவையாம். விலையைக் கேட்டு நம் இரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

“நெட்டுல பாட்டு மட்டுமா வருது? கூடவே அழுக்கும் வருது. இது அதை வடிகட்டிரும்” என்று உதயசூரியன் விளக்கினார். காதரும் அவர் மனைவி ஷரீபாவும் அன்று சாயங்காலம் வந்திருந்தார்கள். பழைய கேபிளில் ஒரு பாட்டு, புதுப் பெட்டியையும் கேபிளையும் மாட்டி அதே பாட்டு.

“யப்பா, திரைய விலக்கின மாதிரி இருக்கு” என்றார் உதயசூரியன்.

“வயலின் தனியா நிக்குது மச்சான். மிருதங்கம் தோலோட சத்தமே கேக்குது” என்றார் காதர்.

ஷரீபாகூட, “கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு” என்றாள். எல்லோரும் இந்திராணியைப் பார்த்தார்கள். அவளுக்கு இரண்டும் ஒரே பாட்டாகத்தான் கேட்டது. ஒரு இம்மிகூட வித்தியாசம் இல்லை. தலையை ஆட்டிவைத்துவிட்டு டீ போட உள்ளே போனாள். பயமாக இருந்தது. மூன்று பேருக்குக் கேட்கிறது, தனக்கு மட்டும் கேட்கவில்லை.

மறுநாளே மேலதிகாரி ரவிச்சந்திரனிடம் போய்ச் சொன்னாள். “சார், என்னை டிக்கெட் கவுன்டருக்கு மாத்திருங்க. காது முன்ன மாதிரி இல்ல. நாளைக்கு யாருக்காவது ஒண்ணு ஆயிட்டா என்னால தாங்க முடியாது.” அவர் அதிர்ந்துபோனார். ஒன்றாம் தேதியிலிருந்து பார்க்கலாம் என்றார். அவள் நாற்காலியில் காத்தமுத்து உட்காருவது என்று முடிவாயிற்று.

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, மனசு ஒப்பவில்லை. போவதென்றால் போகலாம், ஆனால் காது போனது நிச்சயமா என்று தெரியாமல் போகக் கூடாது. பஸ்ஸில் வரும் வழியிலேயே தீர்மானம் செய்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காதரையும் ஷரீபாவையும் தோசைக்குக் கூப்பிட்டாள்.

தோசை முடிந்ததும் ஸ்ட்ரீமர் மேஜைக்கு முன்னால் கொடி கட்டி ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டாள். “ஷரீபா பின்னாடி உக்காந்து கேபிள மாத்தி மாத்திப் போடுவா. எதைப் போட்டிருக்கான்னு நமக்குத் தெரியாது. கேட்டுட்டு மூணு பேரும் சொல்லுவோம். எனக்கு மட்டும் தப்பாப் போச்சுன்னா என் காது அவ்வளவுதான்.”

“இதுல என்ன சந்தேகம் இந்திரா? உனக்குப் பழகல, அதான்” என்றார் உதயசூரியன் பெருந்தன்மையாக.

கொஞ்ச நேரம் அப்படி நடந்தது. ஆண்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு முறையும் தீர்ப்புச் சொன்னார்கள், அதுவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி. இந்திராணி ஒவ்வொரு முறையும் “தெரியல” என்றாள். குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

வயர்லெஸ் அறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவரை உட்கார வைத்துவிட்டு, வேறொரு செட்டிலிருந்து யாராவது பட்டனை மட்டும் அழுத்துவார்கள். பேச மாட்டார்கள், வெறும் கரகரப்புதான் வரும். “என்ன சொன்னாங்க?” என்று கேட்பார்கள். ஒன்றும் கேட்கவில்லை என்கிறவருக்குத்தான் வேலை. படகின் பேரைச் சொல்லி, வந்துகொண்டிருக்கிறதாம் என்று அடித்துவிடுகிறவரை டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது அப்போது இந்திராணிக்கு ஞாபகம் வந்தது.

ஷரீபாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, “நான் கொஞ்ச நேரம் மாத்துறேன்” என்று தானே பெட்ஷீட்டுக்குப் பின்னால் போனாள். ஸ்ட்ரீமரில் செருகியிருந்த கேபிளை உருவினாள். இன்னொன்றை மாட்டவில்லை. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, பாட்டு நிற்கப்போகும் நொடிக்காகக் காத்திருந்தாள்.

பாட்டு நிற்கவில்லை. முடியும்வரை பாடியது. அடுத்த பாட்டும் தன்பாட்டுக்கு ஆரம்பித்தது.

“இது புதுசு. சந்தேகமே இல்ல” என்றது கணவரின் குரல். “எப்படி விரிஞ்சு வருது பாரு.”

“இப்பத்தான் மச்சான் உயிரே வந்துருக்கு” என்றார் காதர்.

இந்திராணி இரண்டு கேபிள்களையும் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றாள். ஸ்பீக்கர்கள் மட்டும் பாடிக்கொண்டிருந்தன. முதலில் சிரித்தது ஷரீபா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் காதர் முகம் கருத்துப்போயிற்று.

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இது போர்ட் பிளேர்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன்னால் இங்கே நெட் என்பது பேருக்குத்தான் இருந்தது. ஒரு பாட்டு இறங்குவதற்குள் குளித்து, சாப்பிட்டு, கோயிலுக்கும் போய்வந்துவிடலாம். சென்னை மாதிரி மெயின்லேண்ட் ஊர்களிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் பென் டிரைவில் கொண்டுவருவதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டவர்கள் இவர்கள். நெட் சரியான பிறகும் அந்தக் கை பழக்கத்தை விடவில்லை. எதைக் கண்டாலும் முதலில் டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளும். ஸ்ட்ரீமர் வாங்கிய அன்றே காதர் பாட்டெல்லாவற்றையும் அதன் மெமரியில் இறக்கி, அங்கிருந்தே பாடும்படி செய்துவிட்டுப் போயிருந்தார். ஆக, திரையை விலக்கிய அந்த மாயக் கேபிள் வழியாக இன்றுவரை ஒரு சரணம்கூட வந்ததில்லை.

“அதுக்காகப் பெட்டி மோசம்னு ஆயிராது” என்று உதயசூரியன் பிடிவாதம் பிடித்தார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்றாள் இந்திராணி. விட்டுவிடுகிற ஆளா அவள்? மெமரியை நிறுத்தி, நெட்டிலிருந்தே பாட வைத்து, கேபிளை உருவினால் பாட்டு நிற்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, ஷரீபாவைத் திரும்பவும் உட்கார வைத்தாள். இந்த முறை ஆண்களை ஆளுக்கொரு மூலையில், முதுகைக் காட்டி உட்காரச் சொன்னாள். மதியச் சாப்பாடுவரை நடந்தது. அவர் பழையது என்றதை இவர் புதியது என்றார். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அந்த அளவுக்குச் சரியாக வந்திருக்கும். இந்திராணி மட்டும் சொன்னதையே சொன்னாள். வித்தியாசம் தெரியவில்லை.

காதர் சீக்கிரம் இறங்கிவந்துவிட்டார். “என்னுது வியாபாரி காது தங்கச்சி. சரக்கு பாக்க நல்லா இருந்தா சத்தமும் நல்லாத்தான் கேக்கும். எடுத்துட்டுப் போயிர்றேன்.” உதயசூரியன்தான் சுருங்கிப்போனார். எல்லோரும் போன பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப எனக்குக் கேட்டது என்ன இந்திரா?”

அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. “நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லலீங்க. உங்களுக்குக் கேட்டுச்சு. அது கேபிள்லேருந்து வரல, அவ்வளவுதான்.”

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. அப்படியானால் அந்த மழை நாளில் காத்தமுத்துவுக்குக் கேட்டது எங்கேயிருந்து வந்தது?

மறுநாள் வேலைக்குப் போனதும் அவரிடம் நேராகவே கேட்டாள். “அன்னைக்கு ரங்கத் படகு சொன்னது உங்களுக்கு நெஜமாவே கேட்டுச்சா?”

காத்தமுத்து சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் நகரவில்லை. “எந்நாளும் அதைத்தானேம்மா சொல்றான். அந்த இடத்துலேருந்து வேற என்ன சொல்லப் போறான்?” என்றார் கடைசியில்.

அவள் படியிறங்கி ஜெட்டிக்குப் போனாள். ரங்கத் படகை ஓட்டும் மாஸ்டர் பிஸ்வாஸ் கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை கொட்டிய அன்று வயர்லெஸ்ஸில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

“ஸ்ட்ரெச்சர் போலா தா, தீதி” என்றார் அவர். ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று சொன்னேனே அக்கா. படகில் ஒரு பெரியவருக்கு வாய் கோணி, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சொல்லியும் ஜெட்டியில் யாரும் வரவில்லை. மழையில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஆட்டோவரை தூக்கிப்போனார்கள். ஆஸ்பத்திரியில்தான் ஆள் அனுப்பவில்லை என்று நினைத்து யாரும் கேட்காமல் விட்டார்கள். பெரியவர் பிழைத்துவிட்டார், ஊருக்கும் போய்விட்டார். வலது கை மட்டும் இன்னும் வரவில்லை என்று கேள்வி.

இந்திராணிக்குக் கண் கலங்கிவிட்டது. காத்தமுத்துவின் மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் அதிகம். கேட்கவில்லை என்று அடித்துச் சொல்லியிருந்தால், இன்னொரு முறை, இன்னும் ஒரு முறை என்று கேட்டிருப்பாள். பக்கத்து மேஜைக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார் என்று வாயை மூடிக்கொண்டதும் அல்லாமல், நாற்காலியையும் அவருக்கே தூக்கிக் கொடுக்க இருந்தாள்.

ரவிச்சந்திரன் அறைக்குள் அவள் போனபோது அவர் போனில் இருந்தார். வைக்கும்வரை நின்றாள். “சார், நான் கவுன்டருக்குப் போகல.”

“காது சரியாயிருச்சா?”

“காது அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு எனக்கும் கேக்கல, காத்தமுத்துவுக்கும் கேக்கல. நான் அதை ஒத்துக்கிட்டேன், அவர் கேட்ட மாதிரி சொல்லிட்டாரு.” பெரியவர் விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னாள்.

“உங்களைக் கவுன்டருக்கு மாத்துறதா மேலிடத்துல சொல்லிட்டேனே” என்றார் அவர், பாதி தனக்குத்தானே.

“அதை நீங்க பாத்துக்குங்க சார். நான் மேல போறேன்.”

மாடியில் காத்தமுத்து அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கி நின்றார். இந்திராணி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அப்போதுதான் துறையை விட்டுக் கிளம்பியிருந்த ரங்கத் படகைக் கூப்பிட்டு, அந்தப் பெரியவர் வீடு எங்கே என்று விசாரித்து வைக்கும்படி மாஸ்டரிடம் சொன்னாள். காத்தமுத்துவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை கன்ட்ரோலிலிருந்து இரண்டு பேர் அவரைப் பார்க்க வருகிறார்கள் என்றும் சொல்லச் சொன்னாள்.