ஐஸ் பெட்டிக்குள் ஒரு கை

வலது கை மணிக்கட்டு வரை ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறது. பஸ் நிறுத்தத்துக் கூட்டம், ஜூஸ் அக்கா நல்ல கட்டியாகத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறது. அவள் எதையும் தேடவில்லை. நெஞ்சுக்குள் எழும்பிய அலை இறங்கட்டும் என்று நிற்கிறாள். இறங்கியதும் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, சர்க்கரை போடவா வேண்டாமா என்று கேட்பாள்.

"பொட்டிக்குள்ள என்ன, மீனா புடிக்கிற?" என்பார் அண்ணி. அண்ணன் மனைவி, பழம் நறுக்குவது அவர் வேலை. கத்தி அவர் கையை விட்டு இறங்காது. ஜூஸ் அக்காவுக்குப் பிழிவது மட்டும்தான். ஏன் என்று இருவரும் பேசிக்கொள்வதில்லை. கொளுத்தும் வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டை போடுகிறாள். உள்ளே இருக்கும் தழும்புகளை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

வாயாடி. கெட்டிக்காரி. சில்லறை இல்லாதவரை விட்டுவிடுவாள். வரிசையில் முந்துகிறவரை விடமாட்டாள். ஆனால் கேட்ட கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லாமல் இருந்துவிட்டால் போதும், உலகமே கைவிட்டதுபோல் ஆகிவிடும் அவளுக்கு. முன்பெல்லாம் அந்த ஆத்திரம் முழுக்க அவளுடைய இடது கைமேல்தான் இறங்கும்.

அரசு மனநல நிலையத்தின் மாடியில் வாரம் ஒருமுறை வகுப்பு. வாசல் பலகையில் 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை' என்று போட்டிருக்கிறது. அவ்வளவு நீளத்துக்கு வாய் வராமல் 'ஐஸ் கிளாஸ்' என்கிறாள். கட்டணம் கிடையாது, மின்விசிறியும் கிடையாது. அலை வரும்போது ஐஸில் கையை வைத்து எப்படித் தாக்குப்பிடிப்பது, வேண்டியதைச் சண்டை போடாமல் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எதிரெதிரான இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பது வகுப்பு நடத்தும் நர்ஸின் ஓயாத பல்லவி. தாங்க முடியாதபோது அவருக்குப் போன் செய்யலாம். அந்த எண் ஜூஸ் அக்காவுக்கு மனப்பாடம்.

வகுப்பால் பலன் உண்டா என்று மதிப்பிட மேலிடம் ஆள் அனுப்பியது. கேட்பது நியாயம்தான், மக்கள் பணம். ஆனால் சேதி படிக்கட்டில் இறங்குவதற்குள் பயமாக மாறிவிட்டது. கூடப் படிக்கும் பஸ் டிரைவர் அங்கேயே கூட்டம் போட்டுவிட்டார். குணமாகிவிட்டது என்று எவனும் சொல்லக் கூடாது, பேரை அடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். தையல்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. குணமாகவில்லை என்றால் வகுப்பையே இழுத்து மூடிவிடுவார்கள் என்றார். இரண்டும் சரியாகத்தான் பட்டது. ஜூஸ் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பேட்டிக்கு முதலில் கூப்பிட்டிருந்தது அவளைத்தான்.

பிழியும்போதே ஒத்திகை நடந்தது. ஒரு டம்ளருக்கு "நல்லாயிட்டேன்" என்று முணுமுணுத்தாள். அடுத்த டம்ளருக்கு "நல்லால்ல". அதை வாங்கியவர் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"உனக்குப் பொய் சொல்ல வராது," என்றார் அண்ணி. "வந்திருந்தா இந்நேரம் ரெண்டு கடை வச்சிருப்போம்."

மதிப்பிட வந்த பெண்ணுக்குச் சின்ன வயசு, கனிவான குரல். வகுப்புக்கு வந்த பிறகு தேவலையா என்று கேட்டாள். ஜூஸ் அக்காவுக்குள் அலை எழும்பியது. இங்கே ஐஸ் பெட்டி இல்லை. மேசையின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

"கை நின்னுடுச்சும்மா. மனசு இன்னும் நிக்கல. ரெண்டுந்தான்."

ஏதாவது ஒன்றைச் சொன்னால்தான் கணக்கில் சேர்க்க முடியும் என்றாள் அந்தப் பெண், தயங்கித் தயங்கி.

"அப்ப என்னை ரெண்டு ஆளா சேத்துக்குங்க. இதை மூடிட்டா, அடுத்த தடவ நான் யாருக்கும்மா போன் பண்றது?"

பதில் வரவில்லை. பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

பதில் வராத இந்த நேரம்தான் அவளுக்கு ஆகாதது. கதவைப் பார்த்தாள். பிறகு மேசைக் காலை விட்டுவிட்டு, இடது கையைத் தூக்கி அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தாள். சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றி, முழங்கை வரைக்கும் மெதுவாகச் சுருட்டிவிட்டாள்.