லீவு மாப்பிள்ளையின் அழுக்குப் பை

என் நாத்தனார் எந்தக் கறையையும் போக்கிவிடுவாள். மை, துரு, எண்ணெய், பழச்சாறு எதைக் கொண்டுவந்து போட்டாலும் துணியை வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்ப்பாள், விரலால் தேய்த்து முகர்வாள், "நாளைக்கு வாங்க" என்பாள். எங்கள் சலவைக் கடையில் துவைப்பது அவள், இஸ்திரி போடுவது நான். அண்ணியும் நாத்தனாரும் ஒரே கடையில் சண்டையில்லாமல் இருக்கிறார்களே என்று தெருவே வாயைப் பிளக்கும். சண்டை இல்லை என்று யார் சொன்னது? வருஷக் கடைசி விடுமுறை வந்தால் எங்களுக்குள் வெட்டுக்குத்துதான். காரணம், அந்த லீவு மாப்பிள்ளை.

பட்டப்பெயர் நான் வைத்தது. எதிர் மாடியில் அவன் அம்மா குடியிருந்தார். அவனுக்குப் பெரிய நகரத்தில் வேலை. விடுமுறைக்கு வரும்போது பெற்றவளைப் பார்ப்பதற்கு முன் எங்கள் கடைக்கு வந்து, சேர்த்துவைத்த அழுக்குத் துணியையெல்லாம் ஒரு பெரிய நீலப் பையோடு மேசைமேல் தொப்பென்று போடுவான். ஏன், அந்த நகரத்தில் சோப்பே கிடைக்காதா? லீவு முடியும்வரை அவனும் என் நாத்தனாரும் சினிமா, கடற்கரை என்று சுற்றுவார்கள். அவன் அம்மா வெளியே போனால் மாடிக் கதவு சாத்தியிருக்கும். அதில் எனக்கொன்றும் இல்லை; வளர்ந்தவர்கள், அவர்கள் பாடு. கிளம்புகிற அன்று, துவைத்து மடித்து வைத்த பையைத் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போவான். அப்புறம் ஒரு போன் கிடையாது. இவள் மட்டும் காலண்டரைப் பார்த்தபடி இருப்பாள்.

முதல் வருஷமே அவன் தெளிவாகச் சொல்லிவிட்டானாம். "இது லீவுக்கு மட்டும். லீவு முடிஞ்சா நீ யாரோ, நான் யாரோ. சரியா?" இவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். தலையாட்டினால் ஆசை வளராது என்று யார் எழுதிக் கொடுத்தது? வளர்ந்தது. வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்தாள். தங்கையிடம் பேசிப் பேசி என் வீட்டுக்காரருக்குத் தொண்டை வற்றிப்போனதுதான் மிச்சம்.

போன விடுமுறைக்கு முன்னால் ஒருநாள், "அண்ணி, இந்தத் தடவை கேட்டுடப் போறேன்" என்றாள்.

"என்னத்த?"

"என்னைக் கட்டிக்கிறியான்னு."

ரெண்டில் ஒன்று தெரிந்துபோகட்டும் என்று நான் தடுக்கவில்லை.

வந்தான். அதே நீலப் பை. ஆனால் கையில் தனியாக ஒரு வெள்ளைக் கோட்டு, அதன் கையில் பழுப்பாக ஒரு கறை.

"இதை மட்டும் பத்திரமா பாரு. கல்யாணக் கோட்டு. போட்டுப் பாக்கறப்ப, நான் கட்டிக்கப்போறவ காபியக் கொட்டிட்டா. அடுத்த வாரம் கல்யாணம், அம்மாவைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். உன்னை விட்டா இதை யாரால எடுக்க முடியும்?"

இவள் கோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"நான் உன்னைத்தான் கட்டிக்கணும்னு இருந்தேன். உனக்குத் தெரியவே தெரியாதா?"

"என்ன நீ, பேசினது மறந்துபோச்சா? லீவுக்கு மட்டும்னு சொன்னப்ப நீயும் சரின்னியே." தோளில் தட்டினான். "நீ ரொம்ப நல்ல பொண்ணு."

நல்ல பொண்ணாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய யோக்கியன், சொன்ன சொல் தவறாதவன்! கோர்ட்டில் நிறுத்தினால் அவன்தான் ஜெயிப்பான். ஆனால் காதல் வேண்டாம் என்றவன் சலவையையும் அல்லவா வேண்டாம் என்றிருக்க வேண்டும்? லீவு முடிந்தால் இவள் யாரோ. இவள் துவைத்த சட்டை மட்டும் அவனுக்கு வேண்டும்!

அவன் போனதும் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். "குடு அந்தக் கோட்டை. முதுகுல ஒரு ஓட்டை போட்டுத் தரேன்."

"வேணாம் அண்ணி. அந்தப் பொண்ணு எனக்கு என்ன பண்ணினா? அவ கல்யாணத்துல அவன் ஏன் கறையோட நிக்கணும்?"

"ரோஷம்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

இவள் கறையின்மேல் குனிந்துவிட்டாள். அவன் துணியைக் கையால் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். அவன் ஊருக்குக் கிளம்பும்வரை கடைப்பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவனிடமிருந்து போன். அதிசயம்! இவள் கை நிறைய சோப்பு நுரை. "ஸ்பீக்கரைப் போடுங்க அண்ணி" என்றாள்.

"என்ன பண்ணி வச்சிருக்க நீ?" என்று கத்தினான். "கோட்டு பளிச்னு இருக்கு, சரி. பைக்குள்ள அத்தனையும் அழுக்கு! அழகா மடிச்சு வச்சிருக்க, ஒண்ணக்கூடத் துவைக்கல! நாளைக்குக் கல்யாணம், மறுநாள் நாங்க வெளியூர் கிளம்பணும், போட்டுக்க ஒரு சட்டை இல்லாம நிக்கிறேன்!"

இவள் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"லீவு முடிஞ்சுபோச்சு. நீ யாரோ, நான் யாரோ."

அவளே போனை அணைத்தாள். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது. அடி என் ராஜாத்தி என்று கட்டிக்கொள்ளத் திரும்பினால், இவள் வாளிக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னும் அவனைப் பிடிச்சிருக்கு அண்ணி" என்றாள்.

நான் கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவு பெரிய பையில் இந்த ஆசையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்த் தொலைந்திருக்கக் கூடாதா அந்தப் படுபாவி!