குறை சொல்லாத தெரு

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்தத் தெரு மட்டும் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தது. அதுவும் யாருக்காக? மூக்குக்கு மேல் கோபம் வைத்திருக்கிற ஒரு சலூன்காரருக்காக.

மனிதர் கடைக் கூரையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறி, வழுக்கி விழுந்து, முதுகுத்தண்டை முறித்துக்கொண்டார். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் இனி அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். சோறு இறங்கவில்லை, பேச்சு இல்லை. கடைக்குப் பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓட்டிப் பிழைக்கிற அவர் மனைவி பயந்துபோனாள். ஆள் இருந்தும் இல்லாமல் போய்விடுவாரோ என்ற பயம்.

பார்க்க வந்த டீக்கடைக்காரர்தான், கடையை எப்போது திறக்கப்போகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டுவைத்தார். சலூன்காரர் மெல்ல முகத்தைத் திருப்பினார்.

"திறக்கறேன். ஆனா இரக்கப்பட்டு எவனும் தலையைக் காட்ட வரவேண்டாம். வெட்டினது சரியில்லைன்னு ஒருத்தன் சொன்னாலும் அன்னைக்கே கத்திரிக்கோலைக் கீழ வச்சிடுவேன்."

சொன்னால் சொன்னதுதான், மாற்றுகிற ஆளில்லை. அது தெருவுக்கே தெரியும்.

கொத்தனார் கடைப் படிகளை மூடிச் சரிவு கட்டினார். வேன் டிரைவர், அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, வண்டியில் ஒரு சீட்டையே கழற்றி வீசிவிட்டு, சக்கர நாற்காலிக்கு இடம் பண்ணினார். தச்சர் வந்து, வாடிக்கையாளர் உட்காருகிற பழைய மர நாற்காலியின் காலைக் கொஞ்சம் குட்டையாக்கித் தரட்டுமா என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், என் கஸ்டமர் ராஜா மாதிரி உட்காருவான், அவனைக் குழியிலே உட்கார வைக்கச் சொல்கிறாயா என்று சலூன்காரர் எரிந்து விழுந்தார். தச்சர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் தலை டீக்கடைக்காரருடையது. வெட்டி முடித்ததும் மனைவி எட்டிப் பார்த்தாள். பக்கவாட்டில் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. உச்சந்தலையில்தான் வந்தது வினை. உரித்த தேங்காயில் விட்டுவைத்த குடுமி போல ஒரு கொத்து அப்படியே நின்றது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அந்த உயரம் எட்டவே இல்லை, சீப்பை நம்பி வெட்டியிருக்கிறார். அவள் வாயைத் திறப்பதற்குள் டீக்கடைக்காரர் உதட்டில் விரலை வைத்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டுக் குடுமியோடு தெருவில் இறங்கி நடந்தார்.

அடுத்து தச்சர், வேன் டிரைவர், தபால்காரர் என்று ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு குடுமியோடு போனார்கள். வீட்டுக்குப் போய் அதைச் சரிசெய்துகொள்ளவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. வேற்றுக் கை பட்டிருந்தால் அவர் சீப்பு வைத்த மாத்திரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாரே! இங்கே சலூன்காரர் வயிறாரச் சாப்பிட்டார், படுத்ததும் தூங்கினார், காலையில் சீட்டியடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோமே என்று மனைவிக்குத்தான் பயம்.

கடைசியில் அவளே காரியத்தைக் கெடுத்தாள். அவர் பிசியோதெரபி பயிற்சிக்குப் போகிற ஆஸ்பத்திரி மாடியில் ஒரே புழுக்கம். காற்று வரட்டும் என்று அவரை ஜன்னலோரம் தள்ளி நிறுத்தினாள். கீழே, கூட்டிவந்த டீக்கடைக்காரர், தச்சர், வேன் டிரைவர், தபால்காரர் நாலு பேரும் வேனுக்குப் பக்கத்தில் வட்டமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து பார்க்க நாலு உச்சந்தலை, நாலு குடுமி.

ஐயையோ என்று அவள் நாற்காலியைத் திருப்பப் போனாள். அவர் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

வீடு வருகிற வரைக்கும் வேனில் மற்றவர்கள் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார்கள். கடைக்குள் போனதும் அவர் கத்திரிக்கோலைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். அவ்வளவுதான், அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"இரக்கம் வேண்டாம்னு சொன்னீங்க. இது இரக்கமாங்க? இரக்கப்படறவன் ஒரு தடவை வருவான், அதோட போயிடுவான். இவங்க இந்தத் தலையோட கல்யாணத்துக்குப் போனாங்க, வேலைக்குப் போனாங்க, நாலு பேர் சிரிச்சதை வாங்கிக்கிட்டாங்க. முடி வளந்ததும் மறுபடி உங்ககிட்டதான் வந்து உக்காந்தாங்க. நீங்க வேணும்னு வந்தாங்க."

சுற்றிய கை நின்றது. வாசலில் நாலு பேரும் திருடன் மாதிரி விழித்துக்கொண்டு நின்றார்கள். சலூன்காரர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கண் கலங்கியது. அதை மறைக்கக்கூட அவர் முயலவில்லை. பிறகு தச்சரிடம், ரம்பத்தை எடுத்து வந்து அந்த மர நாற்காலியின் காலை அறுத்துத் தள்ளு என்றார்.

"இன்னொண்ணு. இனிமே குறை சொல்லாதவன் என் கடைப் பக்கமே வரக்கூடாது."

நாற்காலி குட்டையானது. டீக்கடைக்காரர் முழங்கால் மோவாயை இடிக்க, அதில் உட்கார்ந்தார். சலூன்காரர் அவரைச் சுற்றிச் சுற்றிச் சக்கரத்தை உருட்டி, விழுந்த பிறகு முதல் தடவையாக ஒரு தலையை முழுசாகப் பார்த்து வெட்டினார். குடுமி போயிற்று. செய்தி பரவி, தெருவில் பாதிப் பேர் சரிவில் வந்து நின்றுவிட்டார்கள். மனைவி தன் அறைக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். துணியில் கண் போகவில்லை, காது மட்டும் கடையில் இருந்தது.

டீக்கடைக்காரர் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்தார். சொல்வதற்கு ஒரு குறையும் அகப்படவில்லை. ஆனால் உத்தரவாயிற்றே.

"அண்ணே, இடது கிருதா கொஞ்சம் மேல ஏறிடுச்சோ?"

சரிவில் நின்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். சலூன்காரர் முன்பக்கம் வந்தார். மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தார்.

"கிருதா ஒழுங்காத்தான்யா இருக்கு. உன் காதுதான் கோணல். அதுக்கு நான் என்ன பண்றது? எழுந்திரு, பின்னாடி ஆள் நிக்குது."

தெரு வெடித்துச் சிரித்தது. மனைவி மெஷின்மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். ஆஸ்பத்திரி வாசலிலும், வீட்டில் விளக்கை அணைத்துவிட்டும் அழுத அழுகை இல்லை இது. இவர் என் புருஷன் என்று கூரைமேல் ஏறி நின்று கத்தலாம் போல அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அதற்குள் கடையில் தச்சர், தன் உச்சி வகிடு நேராக இல்லை என்று சண்டைக்குப் போயிருந்தார்.